வான்கூவர்–செயின்ட் ஜான் இணைப்பு ஏன் அறுந்தது? வானொலியையும் கணினியையும் பிணைத்த ஒரு முயற்சியின் ஆய்வு

1997 நவம்பரில் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவரையும் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஜானையும் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் (உரிமம் பெற்று, வருமானத்துக்கன்றி ஆர்வத்துக்காக வானொலியில் பேசுபவர்கள்) இணையத்தின் வழியே இணைத்தார்கள். இரு ஊர்களுக்கும் இடையே 4,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். நடுவே ராக்கி மலைகள், பிரெய்ரி சமவெளி, பெரும் ஏரிகள். கைக்கருவிகள் பயன்படுத்தும் வி.எச்.எஃப். அலைகள் இவ்வளவு தூரம் போகாது. மலை மேல் வைத்த, குரலை வாங்கி மறுபரப்பும் ரிப்பீட்டரின் துணையோடும் சில பத்து கிலோமீட்டர்கள், மிஞ்சினால் நூறு சொச்சம். அப்படியிருந்தும் ஓர் ஊரில் கைக்கருவியின் பொத்தானை அழுத்திப் பேசிய குரல், மறு ஊரில் அதேபோன்ற கைக்கருவியில் ஒலித்தது. ஏறத்தாழ ஆறு மாதம் விட்டுவிட்டு இயங்கிய பிறகு அந்த இணைப்பு கைவிடப்பட்டது.

அந்த முயற்சியின் பின்னால் இருந்த டேவிட் கேமரன் (அழைப்புக்குறி வி.இ.7 எல்.டி.டி.) அதோடு விட்டுவிடவில்லை. இயங்குதளம், மென்பொருள், வானொலியையும் கணினியையும் சேர்க்கும் மின்சுற்று ஆகிய மூன்றையும் மாற்றி 1998-ல் மறுபடியும் கட்டினார். அதுதான் ஐ.ஆர்.எல்.பி. என்று ஹாம்கள் அழைக்கும் இன்டர்நெட் ரேடியோ லிங்கிங் ப்ராஜெக்ட். கால் நூற்றாண்டு கடந்தும் அது இயங்குகிறது.

இணையம் மாறவில்லை, அலைவரிசைகள் மாறவில்லை. முதல் முறை தோற்றதும் இரண்டாம் முறை நிலைத்ததும் எதனால்? இந்த ஆய்வில் நான் காட்ட விரும்புவது ஒன்றுதான். குரலைக் கடத்துவது இந்த வேலையின் எளிய பாதி. வானொலியில் ஒருவர் பேசத் தொடங்கிவிட்டார், இதோ முடித்துவிட்டார் என்ற செய்தியைக் கணினிக்கு ஐயமின்றித் தெரிவிப்பதுதான் கடினமான பாதி. வான்கூவரில் முதலில் விடுபட்டது அந்தப் பாதி.

மேசைக்காகச் செய்த மென்பொருள்

முதல் இணைப்பு ஓடியது விண்டோஸில், வோக்கல்டெக் நிறுவனத்தின் இன்டர்நெட் ஃபோன் என்ற மென்பொருளில். இஸ்ரேலைச் சேர்ந்த அந்த நிறுவனம் 1995-ல் அதை வெளியிட்டபோது, கணினிக்கும் கணினிக்கும் இடையே தொலைபேசிக் கட்டணமின்றிப் பேசலாம் என்பதே பெரிய புதுமை. அந்த வேலைக்கு அது நல்ல கருவி. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்த பயனர், மேசைக்கு முன் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, மவுஸைக் கையில் வைத்திருப்பவர். அழைப்பு அறுந்தால் அவர் மறுபடி அழைப்பார். கணினி உறைந்தால் அணைத்துப் போடுவார்.

ரிப்பீட்டர் இருக்கும் இடத்தில் அப்படி யாரும் இல்லை. பூட்டிய அறை, கோபுரத்தின் அடியில் ஓர் இரும்புப் பெட்டி, இரவில் ஆளே போக முடியாத மலை. அங்கே மென்பொருள் ஒரு பிழைச்செய்தியைக் காட்டி ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தச் சொல்லிக் காத்திருந்தால் இணைப்பு செத்ததாகவே பொருள். நெட்வொர்க் பிழைகள், கணினி உறைவது, வானொலியில் இருப்பவர்கள் இணைப்பைத் தாங்களே தொடங்கவோ துண்டிக்கவோ வழியில்லாதது: முதல் முயற்சியை முடித்துவைத்த குறைகள் இவை. மூன்றிலும் ஒலித்தரம் பற்றிய புகார் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேமரன் லினக்ஸுக்கு மாறினார். மாதக்கணக்கில் ஆள் தொடாமல் ஓட வேண்டிய வேலைக்கு அன்று அது சரியான தேர்வு. குரலுக்கு ஸ்பீக் ஃப்ரீலி என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டார். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர் எழுதி, மூலநிரலைப் பொதுவில் விட்ட மென்பொருள் அது. மூலநிரல் கையில் இருந்ததால்தான் அதை வானொலிக்கேற்ப வெட்டித் தைக்க முடிந்தது. விற்பனைக்கு வந்த மூடிய மென்பொருளில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

ரிப்பீட்டரின் வால்

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். வானொலியையும் கணினியையும் இணைக்க முனையும் பெரும்பாலோர் இடறி விழுவது இங்கேதான்.

ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் அதை மறுபரப்பும். பேசியவர் பொத்தானை விட்டதும் அது உடனே ஓய்வதில்லை. ஓரிரு நொடிகள் வெறும் கேரியரை, அதாவது குரல் ஏறாத அலையை, பரப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் ‘பீப்’ என்று ஒரு தொனியும் போடும், அடுத்தவர் பேசலாம் என்பதற்கு அடையாளமாக. இந்த நீட்சியை ஹாம்கள் வால் என்பார்கள். மனிதக் காதுக்கு அது தொந்தரவே இல்லை.

கணினிக்கு அது பெரிய குழப்பம். கணினியோடு இணைத்த வானொலி, ரிப்பீட்டரின் வெளியீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பேசியவர் முடித்துவிட்டார், ஆனால் வால் நீள்கிறது. கேரியர் இருப்பதால் யாரோ இன்னும் பேசுகிறார் என்று கணினி நினைத்து, அந்த வெறுமையையும் பீப் ஒலியையும் இணையத்தில் அனுப்புகிறது. மறுமுனைக் கணினி அதை வாங்கித் தன் ரிப்பீட்டரைக் கிளப்புகிறது. இங்கே வால் முடிந்ததும் மறுமுனை ஓய்கிறது, ஆனால் அந்த ரிப்பீட்டருக்கும் ஒரு வால் உண்டு. அதை அங்குள்ள வானொலி கேட்டு, யாரோ பதில் பேசுகிறார் என்று திருப்பி அனுப்புகிறது. இங்குள்ள ரிப்பீட்டர் மறுபடி கிளம்புகிறது. யாருமே பேசாமல் இரண்டு ரிப்பீட்டர்களும் விடிய விடிய ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு மனிதர் நுழைய இடமே கிடைக்காது.

குரலைக் கண்டறிந்து தானே இயங்கும் வாக்ஸ் முறை இதைத் தீர்க்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். தீர்க்காது. பீப் ஒலியும் அதற்கு ஒலிதான், ஸ்குவெல்ச் (அலை வராதபோது ஸ்பீக்கரை அடக்கிவைக்கும் சுற்று) மூடும்போது வரும் ‘ஷ்க்’ என்ற இரைச்சலும் ஒலிதான். உணர்திறனைக் குறைத்தால் மெல்லப் பேசுபவரின் முதல் அசை வெட்டுப்படும். கூட்டினால் காற்றின் இரைச்சலே இணைப்பைத் திறந்துவிடும். நெருக்கடி நேரத்தில் வாக்ஸ் கதவை நம்பி ஒரு செய்தியை அனுப்ப நான் ஒப்பமாட்டேன்.

சரியான தீர்வு இரண்டு. ரிப்பீட்டருக்குப் பக்கத்திலேயே கணினி இருந்தால், அதன் ரிசீவரிலிருந்து ஸ்குவெல்ச் திறந்ததைச் சொல்லும் கம்பியை நேரடியாக எடுக்கலாம். உண்மையில் ஒருவர் பேசும்போது மட்டுமே அது மாறும். தூரத்திலிருந்து இணைப்பவர்களுக்கு, காதில் படாத தாழ்ந்த துணைத்தொனி உதவும். பயனரின் அலை வந்துகொண்டிருக்கும்வரை மட்டும் ரிப்பீட்டர் அந்தத் தொனியைக் கலந்து பரப்ப வேண்டும், வால் ஓடும்போது தொனி நின்றுவிட வேண்டும். இணைப்பு வானொலி கேரியரைப் பார்க்காமல் தொனியைப் பார்க்கும். ஐ.ஆர்.எல்.பி.யில் சேர விரும்பும் நிலையங்களிடம் வால், பீப், நிலைய அடையாள ஒலி எதுவும் இணையத்துக்குள் போகக்கூடாது என்று கண்டிப்பாகக் கேட்கிறார்கள். ஒரே ஒரு நிலையம் தவறினாலும் அதோடு சேர்ந்திருக்கும் அத்தனை ரிப்பீட்டர்களும் ஸ்தம்பிக்கும் என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயமானது.

ஒரு சிறு பலகை செய்த வேலை

கேமரனின் இரண்டாம் வடிவமைப்பில் நடுநாயகம் கணினியின் பேரலல் போர்ட்டில் பொருந்தும் ஒரு சிறு மின்சுற்றுப் பலகை. பிரிண்டருக்காக இருந்த அந்தத் துளையின் கம்பிகளை ஒவ்வொன்றாக ஏற்றவோ இறக்கவோ படிக்கவோ முடியும். பலகை மூன்று வேலை செய்தது. வானொலியின் ஸ்குவெல்ச் நிலையைக் கணினிக்குச் சொன்னது. கணினி கேட்டபோது வானொலியின் பி.டி.டி. கம்பியை (பேச அழுத்தும் பொத்தானுக்குரிய கம்பி) தரையோடு சேர்த்துப் பரப்ப வைத்தது. வானொலியின் எண்பலகையிலிருந்து வரும் தொனிகளைத் தனிச் சில்லு ஒன்றால் எண்களாகப் படித்துக் கொடுத்தது.

மூன்றாவது வேலைதான் பயனருக்கு உரிமை கொடுத்தது. நடந்துகொண்டே ஒருவர் தன் கைக்கருவியில் நான்கு இலக்க எண்ணை அழுத்தினால், அந்த எண்ணுக்குரிய நிலையத்தோடு இணைப்பு ஏற்படும். துண்டிக்க 73. ஹாம்கள் விடைபெறும்போது நல்வாழ்த்தாகச் சொல்லும் எண் அது என்பதால் யாருக்கும் மறக்காது. 9-ல் தொடங்கும் எண்கள் ரிஃப்ளெக்டர்கள். ஒரே நேரத்தில் பல நிலையங்கள் கூடும் மன்றங்கள்.

ஸ்குவெல்ச் திறந்திருக்கும்வரை மட்டும் ஒலி இணையத்தில் போகும். மறுமுனையில் பாக்கெட்டுகள் வரும்வரை மட்டும் பி.டி.டி. அழுந்தியிருக்கும். யார் பேசுகிறார் என்று ஊகிக்கும் வேலை எந்தக் கட்டத்திலும் கணினிக்கு இல்லை. வான்கூவரின் இரண்டாம் கட்டுமானம் நிலைத்ததற்கு இதையே முதற்காரணமாகச் சொல்வேன். லினக்ஸை அதற்கு அடுத்த இடத்தில் வைப்பேன்.

ஒலிக்கம்பிகள்

ஒலிப் பாதையில் சிக்கல்கள் இல்லாமல் இல்லை, ஆனால் அவை எல்லாம் அறிந்த சிக்கல்கள். வானொலியின் ஸ்பீக்கர் வெளியீடு வோல்ட் கணக்கில் இருக்கும். மைக் நுழைவு மில்லிவோல்ட் கணக்கில் எதிர்பார்க்கும். நடுவே மின்தடைகள் வைத்து அளவைக் குறைக்க வேண்டும். கணினிக்கும் வானொலிக்கும் தனித்தனி மின்வழங்கி இருந்தால் இரு தரைகளுக்கும் இடையே மின்னோட்டம் ஓடி ‘ஹும்’ என்ற உறுமல் கேட்கும். 600-க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு திசையிலும் ஒன்று போட்டால் ஒழியும். பரப்பும்போது ஆன்டெனாவின் அலை ஒலிக்கம்பியில் ஏறினால், அதைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையத்தைக் கம்பியில் மாட்ட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கண்டுகொள்ளாமல் போகும் ஒன்று, பல கார் வானொலிகளின் பின்புறம் டேட்டா என்று எழுதியிருக்கும் 6 பின் மினி டின் துளை. ஒலி உள்ளே, தரை, பி.டி.டி., இரு வகை ஒலி வெளியே, ஆறாவதாக ஸ்குவெல்ச். இணைப்புக்கு வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில். அந்தத் துளையின் ஒலி அளவு முன்புறக் குமிழைத் திருப்பினாலும் மாறாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: 9600 என்று குறித்த வெளியீட்டில் ஒலி கச்சாவாக வரும், உயர் சுருதிகள் தூக்கலாக இருக்கும். குரலுக்கு 1200 என்று குறித்த வெளியீடே உகந்தது.

இணைப்பு நிலையத்துக்குக் கைக்கருவியைப் போடுவதையும் தவிர்க்க வேண்டும். மனிதர் பேசினால் அரை நிமிடம் பரப்பும். ரிஃப்ளெக்டரில் சுறுசுறுப்பான உரையாடல் நடந்தால் அது நிமிடக்கணக்கில் முழுச் சக்தியில் பரப்ப நேரிடும். எஃப்.எம்.மில் மௌனத்துக்கும் அதே சக்திதான் செலவு. கார் வானொலியைக் குறைந்த சக்தியில் வைத்து, அதன் வெப்பத்தகட்டின் மேல் ஒரு விசிறி பொருத்துவது நல்லது.

வேறு ஒரு வாசல்

ஐ.ஆர்.எல்.பி. ஒரு கொள்கையில் உறுதியாக நின்றது: உள்ளே வருபவர் வானொலி வழியாகத்தான் வர வேண்டும். நிலையங்கள் ஒன்றையொன்று பி.ஜி.பி. என்ற குறியாக்க முறையின் சாவிகளால் சரிபார்த்துக்கொள்ளும், கணினி முன் உட்கார்ந்து ஹெட்செட்டில் நேரடியாக நுழைய வழியில்லை. உரிமம் பெறாத குரல் அமெச்சூர் அலைவரிசையில் பரவினால் அதற்கு நிலைய உரிமையாளர்தான் பொறுப்பு என்பதால் இந்தக் கவனம் அவசியப்பட்டது.

பிரிட்டனின் கிரேம் பார்ன்ஸ் (எம்.0 சி.எஸ்.எச்.) உருவாக்கிய ஐலிங்க் வேறு வழியில் போனது. விண்டோஸ் கணினியும் சாதாரண சவுண்ட் கார்டும் போதும். அதோடு ஒத்துப்போகும்படி அமெரிக்காவின் ஜொனாதன் டெய்லர் (கே.1 ஆர்.எஃப்.டி.) 2002-ல் எக்கோலிங்கை வெளியிட்டார். அதில் கணினியிலிருந்தும் பின்னாளில் கைபேசியிலிருந்தும் நேரடியாக நுழையலாம். ஆனால் ஒவ்வொருவரும் தம் உரிமத்தைக் காட்டி அழைப்புக்குறியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சரிபார்ப்பு நிலைய வாசலிலிருந்து பயனரின் வாசலுக்கு மாறியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது பரவியதற்கு இந்த எளிமையே காரணம்.

கணினியிலிருந்து நுழைவது வானொலியே அல்ல என்று பழைய ஹாம்கள் பலர் வாதிட்டார்கள், இன்றும் வாதிடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆன்டெனா வைக்க அனுமதி கிடைக்காத உரிமதாரர், நோய்ப்படுக்கையில் இருக்கும் மூத்த ஹாம் ஆகியோரை நினைக்கும்போது எனக்கு எக்கோலிங்க்கின் கதவு திறந்திருப்பதே சரியாகப் படுகிறது.

பொறியியல் நோக்கில் எக்கோலிங்க் ஓர் அபாயத்தைக் கொண்டுவந்தது. பி.டி.டி.க்கு அது பெரும்பாலும் சீரியல் போர்ட்டின் ஆர்.டி.எஸ். கம்பியைப் பயன்படுத்துகிறது. ஒரு டிரான்சிஸ்டரோ ஆப்டோகப்ளரோ வைத்தால் போதும், மிகவும் மலிவு. ஆனால் கணினி தொடங்கும்போது அந்தக் கம்பி தானாக உயரக்கூடும். மென்பொருள் உறைந்தால் உயர்ந்த நிலையிலேயே நின்றுவிடவும் கூடும். அப்போது வானொலி நிற்காமல் பரப்பிக்கொண்டே இருக்கும், அந்த அலைவரிசையை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. ஆகவே வானொலியின் உள்ளேயே இருக்கும் டைம் அவுட் டைமரைச் சில நிமிடங்களுக்கு அமைப்பது கட்டாயம். மென்பொருளின் டைமரை மட்டும் நம்பக்கூடாது. உறைவது அந்த மென்பொருள்தானே.

ரவுட்டருக்குப் பின்னால்

எக்கோலிங்க் குரலை ஜி.எஸ்.எம். முறையில் நொடிக்கு 13 கிலோபிட் அளவுக்குச் சுருக்குகிறது, ஐ.ஆர்.எல்.பி. பயன்படுத்தும் ஏ.டி.பி.சி.எம். முறைக்கு 32 கிலோபிட் வேண்டும். இன்றைய இணைப்புகளுக்கு இரண்டுமே பொருட்டல்ல. தடையாக இருப்பது வேகம் அல்ல, முகவரி. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்குச் சொந்தப் பொது முகவரி இல்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்தக் கணினிக்குக் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது. எக்கோலிங்குக்கு யு.டி.பி. 5198, 5199 ஆகிய வாசல்களை உள்ளே திருப்பிவிட வேண்டியிருக்கிறது. பல சேவை நிறுவனங்கள் இப்போது நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைப்பதால், வீட்டு ரவுட்டரில் எதைத் திருப்பினாலும் பயனில்லை. அங்கே நடுவில் நின்று கடத்தும் ப்ராக்ஸி சர்வர் ஒன்றின் வழியாகத்தான் போக முடியும்.

ஜான் வாக்கர் 2004 ஜனவரியில் ஸ்பீக் ஃப்ரீலியை நிறுத்தியபோது இதையேதான் காரணமாகச் சொன்னார். இரு கணினிகள் இடையில் யாருமின்றி நேரே பேசும் இணையம் மறைந்துகொண்டிருக்கிறது என்பது அவருடைய கவலை. அவருடைய நிரலின் மேல் எழுந்த வானொலி வலையம் அவருடைய மென்பொருளைவிட நீண்ட நாள் வாழ்கிறது.

புயல் நாட்களில்

அட்லாண்டிக் சூறாவளிகள் கரையை நெருங்கும்போது எக்கோலிங்க்கின் டபிள்யூ.எக்ஸ். டாக் மன்றமும் ஐ.ஆர்.எல்.பி.யின் 9219 ரிஃப்ளெக்டரும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. பாதிக்கப்படும் பகுதியிலுள்ள ஹாம்கள் காற்றின் வேகம், காற்றழுத்தம், வெள்ளம் பற்றித் தரும் தகவல்களை, மயாமியில் தேசியச் சூறாவளி மையத்திலேயே இயங்கும் டபிள்யூ.எக்ஸ்.4 என்.எச்.சி. நிலையத்தினர் கேட்டு வானிலை அறிஞர்களிடம் சேர்க்கிறார்கள். செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பதை, தரையில் நிற்கும் மனிதர் சொல்வதோடு ஒப்பிட முடிகிறது. இந்த முயற்சிகளின் ஆகச் சிறந்த பயன் இதுவே என்பேன்.

அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சூறாவளி கரை கடந்து மின்சாரமும் ஃபைபரும் போனபின், அந்த ஊரின் இணைப்பு நிலையம் வெறும் பெட்டி. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது இந்திய ஹாம் பாரதி பிரசாத் (வி.யு.2 ஆர்.பி.ஐ.) தற்செயலாக அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து நிலப்பகுதிக்கு அவர் செய்திகளைக் கடத்தியது சிற்றலையில், நடுவே எந்தக் கணினியும் எந்த சர்வரும் இல்லாமல். இணைய இணைப்பைச் சிற்றலைக்கு மாற்றாக எண்ணும் எந்தக் குழுவும் தன் மின்கலங்களையும் கம்பி ஆன்டெனாவையும் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி யோசிக்க வேண்டும்.

இன்று கட்டுபவருக்கு

பேரலல் போர்ட் மறைந்துவிட்டது. ஐ.ஆர்.எல்.பி. இப்போது ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினியிலும் ஓடுகிறது. ஜிம் டிக்சன் (டபிள்யூ.பி.6 என்.ஐ.எல்.) ஆஸ்டெரிஸ்க் தொலைபேசி மென்பொருளுக்குள் ரிப்பீட்டர் கட்டுப்பாட்டைப் புகுத்தி எழுதியதன் மேல் ஆல்ஸ்டார்லிங்க் என்ற இன்னொரு இணைப்பு வலையம் வளர்ந்தது. ஸ்வீடனின் டோபியாஸ் ப்ளூம்பெர்க் (எஸ்.எம்.0 எஸ்.வி.எக்ஸ்.) எழுதிய ஸ்விக்ஸ்லிங்க், எக்கோலிங்கை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. சி.எம்.108 சில்லு உள்ள மலிவான யு.எஸ்.பி. சவுண்ட் கார்டின் பயன்படாத ஒரு காலில் பி.டி.டி.யையும், ஒலியைக் குறைக்கும் பொத்தானுக்கென இருந்த காலில் ஸ்குவெல்ச்சையும் பற்றவைத்து ஒரு முழு இணைப்புக் கருவியையே செய்துவிடுகிறார்கள். கால்கள் மெல்லியவை, கை நடுங்கக்கூடாது.

கட்டும் வரிசையை நான் இப்படிப் பரிந்துரைப்பேன். முதலில் ஸ்குவெல்ச் கம்பி: ரிப்பீட்டரின் வால் ஓடும்போது அது மூடியிருக்கிறதா என்று எல்.இ.டி. ஒன்றை வைத்துக் கண்ணால் பார்க்கவும். அடுத்து பி.டி.டி.: ஆன்டெனாவுக்குப் பதில், அலையை வெளியே விடாமல் விழுங்கும் டம்மி லோடு மாட்டி, கணினியைப் பலமுறை அணைத்துத் தொடங்கி, வானொலி தானாகப் பரப்புகிறதா என்று பார்க்கவும். ஒலி அளவு கடைசியில். எக்கோலிங்கின் 9999 சோதனை நிலையம் நாம் பேசியதை அப்படியே திருப்பித் தரும், அதைக் கேட்டுச் சரிசெய்யலாம். பயன்படுத்துவோருக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்லித்தந்தால் போதும்: பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசவும், மற்றவர் முடித்தபின் சற்று இடைவெளி விடவும். வழியிலுள்ள ரிப்பீட்டர்கள் எல்லாம் எழுந்திருக்க அந்த நேரம் வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்பாக, தங்கள் உரிமத்தின் நிபந்தனைகள் இணையத்தோடு இணைந்த நிலையத்தை அனுமதிக்கின்றனவா என்று தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன் பிரிவிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். பதில் வந்தபின் சாலிடரிங் அயர்னைச் சூடாக்கலாம்.